துகிரானின் உள்ளங்கால்

பாக் துகிரான், அதாவது துகிரான் ஐயா, வாழ்க்கையில் ஒரு தடவையாவது ‘இல்லை’ என்று சொல்லப் பழகியிருந்தால் எனக்கு இந்த ரத்தக் கொதிப்பு வந்திருக்காது. அவருக்குச் சர்க்கரை, எனக்குக் கொதிப்பு. இரண்டு பேருக்கும் ஒரே டாக்டரம்மாதான் மாத்திரை எழுதுகிறார்.

ஜாவாவில் குலோன் ப்ரோகோ மலைப்பக்கத்துச் சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். பெயர் முர்த்தினி. பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. எங்கள் பக்கத்தில் ஊசி போட்டு மருந்து கட்டுகிறவரை ‘மந்திரி’ என்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் மலையடிவாரம் முழுக்க நான் ‘மந்திரிம்மா’. பதவி என்னவோ பெரிதுதான், சொன்ன பேச்சைத்தான் ஒருத்தரும் கேட்பதில்லை.

துகிரான் தென்னையில் பாளை சீவிப் பதநீர் இறக்குகிறவர். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். மரத்தின் இரண்டு பக்கமும் மாறி மாறிப் படி கொத்தியிருக்கும். கயிறு கிடையாது. இடுப்பில் அரிவாளும் மூங்கில் குழாயும், அவ்வளவுதான். படியைப் பார்த்துப் பார்த்து ஏறுகிறவன் தொழிலுக்குப் புதுசு என்று அர்த்தம். பழகியவர் கண் மேலே பாளையில் இருக்கும், படியைத் தேடிக் கண்டுபிடிப்பது உள்ளங்காலின் வேலை. இறக்கிய பதநீரை அவர் மனைவி சமினெம் பெரிய வாணலியில் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்குவாள். ஒரு வேளை சீவாமல் விட்டால் பாளையின் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மழையோ காய்ச்சலோ கல்யாணமோ, ஏறித்தான் ஆகவேண்டும். வாலிபத்தில் தொடங்கி, மகனைப் படிக்கவைத்து பாத்தாம் என்கிற தீவுக்குத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பியதும், வீட்டுக்கு ஓடு மாற்றியதும், சமினெமின் காதில் தோடு போட்டதும் எல்லாம் அந்த உள்ளங்கால்தான்.

மனிதர் தங்கம். அதில்தான் தொல்லையே. முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது எங்கள் ஜாவாக்காரர்களுக்கு வராது. மறுத்தால் கேட்டவர் மனம் சங்கடப்படுமே என்று நாங்கள் சங்கடப்படுவோம். ஊரே அப்படித்தான். ஆனால் துகிரான் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவர். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வீட்டில் கூரை மாற்ற வருவதாகச் சொல்லிவிட்டு, மூன்று வீட்டுக்கும் போய், மூன்று கூரையையும் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். அவர் கல்யாணக் கதையைச் சமினெம் வாயால் கேட்கவேண்டும்.

“பொண்ணு பிடிச்சிருக்கான்னு இவங்கப்பா கேட்டார். ‘பிடிச்சிருக்குங்க’ன்னார். நிமிர்ந்துகூட பாக்கல மந்திரிம்மா! பக்கத்துல கட்டியிருந்த ஆட்டைக் காட்டிக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். ஆடு தப்பிச்சுது, நான் மாட்டினேன்.”

துகிரான் அதற்கும் “ஆமாங்க” என்று சிரிப்பார்.

இந்த லட்சணத்தில் சர்க்கரை வேறு. போகிற வீட்டிலெல்லாம் மூடி போட்ட கண்ணாடித் தம்ளரில் தேநீர் வரும், கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்குச் சர்க்கரையோடு. ‘வேண்டாம்’ என்ற சொல்தான் அவரிடம் கிடையாதே!

“சர்க்கரை போடாம குடுங்கன்னு சொல்றதுக்கு என்ன கேடு உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“கலக்கிக் கொண்டுவந்துட்டாங்கம்மா. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“அதுக்கு முன்னாடி சொல்லுங்க!”

“அவங்க இன்னும் கேக்கவே இல்லியேம்மா அப்ப.”

நான் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மாதம் ஒரு நாள் அவர்கள் ஊர்க்கூடத்தில் எங்கள் முகாம் நடக்கும். சர்க்கரை, கொதிப்பு, எடை எல்லாம் பார்ப்போம். அந்த வருஷம் பாதப் பரிசோதனையையும் சேர்த்துக்கொண்டோம். சர்க்கரை உள்ளவருக்கு நரம்பு பழுதாவது கால்விரலில்தான் ஆரம்பிக்கும். சிலருக்கு எரியும், குத்தும். பல பேருக்குச் சத்தமில்லாமல் மரத்துப்போகும். அதுதான் வில்லங்கம். வலி இருந்தால் மனிதன் ஓடி வருவான். வலிக்காத காலில் ஆணி ஏறினாலும் தெரியாது, புண் அழுகி நாற்றம் வந்த பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள், அப்போது வெட்டுவதைத் தவிர வழி இருக்காது. முதலிலேயே கண்டுபிடித்தால் காலைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு சின்னக் கருவி. பிடியின் நுனியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. நோயாளி கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். இழையை உள்ளங்காலில் அங்கங்கே வைத்து வளைகிற வரை அழுத்தி, தெரிகிறதா என்று கேட்கவேண்டும். ஊசியில்லை, ரத்தமில்லை. இதைவிட எளிதான சோதனை உலகத்தில் இல்லை என்று பயிற்சிக்கு வந்தவர் சொன்னார். அவர் எங்கள் மலைக்கு வந்ததில்லை.

காலைப் பார்க்க நான் மண்டியிடவேண்டும். அங்கேதான் ஆரம்பித்தது. பெருநாளன்று சின்னவர்கள் பெரியவர்கள் காலடியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்பது உண்டு. அரசாங்கச் சீருடை போட்ட மந்திரியம்மா, மரமேறி ஒருவரின் காலடியில் மண்டியிடுவதா? நான் குனிந்ததும் துகிரானின் கால்விரல்கள் வெட்கத்தில் சுருண்டுகொண்டன. இத்தனைக்கும் தொட்டியில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அத்தர் வேறு பூசிக்கொண்டு வந்திருந்தார். பாதத்துக்கு!

“எழுந்திருங்கம்மா, எனக்குப் பாவம் சேரும்.”

“பேசாம கண்ணை மூடுங்க பாக். தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“இங்க?”

“தெரியுதுங்க.”

“இங்க?”

“நல்லாத் தெரியுதுங்க, நன்றிங்கம்மா.”

எல்லா இடமும் தெரிந்தது. அவர் மட்டுமில்லை, வரிசையில் இருந்த மரமேறிகள் அத்தனை பேருக்கும் எல்லா இடமும் தெரிந்தது. மலைக்காரர்களின் கால் கெட்டிதான் என்று நாங்கள் சந்தோஷமாக மூட்டை கட்டினோம்.

அந்த மாதம் முடிவதற்குள் சமினெம் அவரை நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இழுத்துக்கொண்டு என்றால் நிஜமாகவே சட்டையைப் பிடித்து.

“பாருங்க இந்தக் கூத்தை! அடுப்புக்கிட்ட உக்காந்து இவர் சிநேகிதர் ஜுமிங்கான்கூட அரட்டை அடிச்சிட்டிருந்தார். பாகு பொங்கி இவர் கால்மேல கொட்டுது. கத்தவேண்டாமா? காலை இழுக்கவேண்டாமா? சிரிச்சுப் பேசிட்டே இருக்கார்! நான் ஓடிப்போய்த் தண்ணி ஊத்தினப்புறம், ‘ஏன் காலைக் கழுவுறே’ன்னு கேக்கிறார்!”

இடது பாதத்தில் கட்டைவிரல் பக்கம் கொப்புளம் பழுத்த கத்தரிக்காய் அளவுக்கு. கொதிக்கிற கருப்பட்டிப் பாகு விழுந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும்.

“அன்னிக்கு எல்லா இடமும் தெரியுதுன்னு சொன்னீங்களே பாக்?”

“நீங்க கேட்டீங்களேம்மா” என்றார், ரொம்பத் தாழ்மையாக.

“கேட்டா?”

“குனிஞ்சு, மண்டி போட்டு, அவ்வளவு அன்பாக் கேக்கறீங்க. தெரியலேன்னு எப்படிங்க சொல்றது? உங்களுக்குச் சங்கடமா இருக்குமே.”

யா அல்லா! கண்ணை மூடச் சொன்னேன். இழை பெட்டிக்குள்ளேயே இருந்தது. என் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“இங்க?”

“அங்கேயும் தெரியுதுங்க.”

சமினெம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள். நான் இன்னொரு வழி பார்த்தேன். “பாக், நான் ‘ஒண்ணு’ன்னு ஒரு தடவை சொல்வேன், ‘ரெண்டு’ன்னு ஒரு தடவை சொல்வேன். எதோ ஒரு தடவைதான் தொடுவேன். எப்ப தொட்டேன்னு நீங்க சொல்லணும்” என்றேன். மனிதர் வேர்த்து விறுவிறுத்துப் போனார்.

“எப்ப தொட்டேன்?”

“உங்களுக்கு எப்ப சௌகரியமோ அப்பதாங்கம்மா.”

கருவியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. நான் தொடவே இல்லை என்று சொன்னபோதும் மனிதர் ஒப்புக்கொள்ளவில்லை. “லேசா ஏதோ தெரிஞ்ச மாதிரிதாங்க இருந்துது” என்றார். பொய் சொல்கிறாரா, அப்படியே நம்புகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

டாக்டரம்மா வந்து பார்த்தார். போன வருஷம்தான் படிப்பு முடித்து வந்த பெண், கோபிக்கவே தெரியாது. “கால்ல உணர்ச்சி இல்லாம மரம் ஏறக் கூடாதுங்க, விழுந்துடுவீங்க. இனிமே ஏறாதீங்க” என்று மெதுவாகச் சொன்னார்.

“சரிங்க டாக்டரம்மா.”

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு உள்ளே போனார். அவருக்கு இன்னும் இந்த ஊர் புரியவில்லை.

எங்கள் மலையில் மரத்திலிருந்து விழுந்த கதை இல்லாத ஊர் கிடையாது. முதுகுத்தண்டு உடைந்து படுத்தே கிடக்கிறவர்களுக்கு நான்தான் வீடு வீடாகப் போய்ப் படுக்கைப்புண்ணுக்கு மருந்து கட்டுகிறேன். அவர்களெல்லாம் உணர்ச்சியுள்ள நல்ல காலோடு ஏறி விழுந்தவர்கள். அதனால் கட்டு மாற்றும் சாக்கில் மறுநாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு துகிரான் ஊருக்கு ஏறினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வீட்டில் அவர் இல்லை. தோப்புப் பக்கம் போனால் மனிதர் பாதி மரத்தில் இருக்கிறார்.

காலில் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. கட்டு நனையக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேனல்லவா, அதற்காக! ஏறாதே என்றது காதில் ஏறவில்லை, நனைக்காதே என்றதை மட்டும் பயபக்தியோடு செய்திருக்கிறார். என் வாய் வரை வந்த வசவை அப்படியே முழுங்கினேன். கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார். கீழே நின்று உதட்டைக் கடித்துக்கொண்டு பார்க்கத்தான் முடிந்தது. பாளையைப் பார்க்கவேண்டிய கண் குனிந்து குனிந்து படியைப் பார்த்தது. இறங்கும்போது இடது கால் படியைத் தாண்டி வெறும் மரத்தில் துழாவியது. படியில் வைத்துவிட்டதாக நினைத்துப் பாரத்தைப் போட்டார். கால் வழுக்கி அந்தரத்தில் ஆடியது. இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். குழாயிலிருந்த பதநீர் என் தலையில் கொட்டியது. வலது கால் எப்படியோ படியைப் பிடித்தது. இறங்கி வந்தவர் முதலில் செய்தது, துண்டை எடுத்து என் தலையைத் துடைக்கச் சொல்லி நீட்டியதுதான்.

“மன்னிச்சுக்குங்கம்மா. மழையில படி வழுக்குது.”

“படி வழுக்குதா? படியா வழுக்குது? நேத்துதானே டாக்டரம்மாகிட்ட சரின்னு சொன்னீங்க?”

“சின்னப் பொண்ணும்மா அவங்க. முகம் வாடிடக் கூடாதுன்னுதான்...”

“விழுந்து செத்தா என் முகம் வாடாதா? சமினெம் முகம் வாடாதா?”

“விழமாட்டேங்க” என்றார். குரலில் முதல்முறையாக ஒரு பிடிவாதம் தெரிந்தது. “கால்ல உணர்ச்சி இருக்குங்கம்மா. அன்னிக்கு ஊர்க்கூடத்துல நீங்களே பாத்தீங்களே. எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?”

தான் சொன்ன ‘தெரியுதுங்க’வை என் வாயால் கேட்டு, அதையே சத்தியமாக நம்பிக்கொண்டிருக்கிறார் மனிதர். இவரிடம் டாக்டர் சொல்லிப் பயனில்லை, நான் கத்திப் பயனில்லை. அவர் காலைப் பற்றி அவருக்கே தெரியவேண்டும். தெரியாமல் எத்தனை தடவை சரி சொன்னாலும் மறுநாள் மரத்தில்தான் இருப்பார். சமினெமைத் தனியாகப் பார்த்தபோது அவள் பேச்சில் வழக்கமான கிண்டல் இல்லை.

“இது முதல் தடவை இல்ல மந்திரிம்மா. போன வாரமும் தொங்கினார். கேட்டா, கொஞ்சம் ஓய்வெடுத்தேன்கிறார். மரத்துல தொங்கிட்டு எவன் ஓய்வெடுப்பான்? தினமும் அடுப்புக்கு முன்னால உக்காந்து, விழுற சத்தம் கேக்குதா, சத்தம் கேக்குதான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கிடக்கிறேன்.”

அடுத்த முகாம் வந்தது. ஊர்க்கூடத்தில் பாயெல்லாம் விரித்து, மரவள்ளி வடையும் தேநீரும் வைத்து, வழக்கம்போல ஒரே சிரிப்பும் கிராம்புச் சிகரெட் புகையும். துகிரான் தொப்பியெல்லாம் போட்டு, காலைக் கழுவி, முதல் ஆளாக வந்து பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொப்புளம் ஆறிக்கொண்டிருந்தது. அவருடைய பால்ய சிநேகிதர் ஜுமிங்கான், அவரும் மரமேறி, அவருக்கும் சர்க்கரை, பக்கத்தில் வந்து முழங்கையால் இடித்தார்.

“டேய், நாளைக்குச் சம்பந்தி வீட்டுல கல்யாணம். என் மரத்தையும் நீயே சீவிடு, என்ன?”

“சரிடா.”

என் கண் முன்னாலேயே! என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே! சமினெம் தேநீர்த் தட்டை டமாரென்று கீழே வைத்தாள். நான் இழையை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டேன்.

“பாக், இன்னிக்கு நான் ஒண்ணுமே கேக்கமாட்டேன். கண்ணை மூடிக்குங்க. கால்ல எங்கயாவது தொடுற மாதிரி தெரிஞ்சா ‘இப்ப’ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். என் மனசு சங்கடப்படுமேன்னு எதுவும் சொல்லக் கூடாது.”

“சரிங்கம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமாங்க.”

கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணோடு மரியாதையாக ஒரு புன்னகை. வலது காலிலிருந்து ஆரம்பித்தேன். கட்டைவிரல் அடியில் இழையை வைத்து அழுத்தினேன், வளைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடுவிரல். முன்பாதம், ஒவ்வொரு பக்கமாக. பாதத்தின் நடு. குதிகால் தோல் தடித்திருந்ததால் அதன் ஓரத்தில். பிறகு புண்ணை ஒதுக்கிவிட்டு இடது கால். புன்னகை அப்படியே இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். யாரோ சிகரெட்டை அணைத்தார்கள். நான் தப்பாக வைத்திருப்பேனோ என்று இரண்டு காலையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இழை ஒவ்வொரு இடத்திலும் வில்லாக வளைந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஒருவரைத் தவிர.

அவர் உதடு அசைந்தது. அப்பாடா, ஒரு இடமாவது தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

“அம்மா,” என்றார் தயங்கித் தயங்கி, “அவசரம் ஒண்ணுமில்ல. நீங்க எப்ப ஆரம்பிக்கப் போறீங்கன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா, நான் தயாரா இருப்பேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. ‘இதோ, இப்பதான் ஆரம்பிக்கிறேன் பாக்’ என்று சொல்லிவிடத்தான் நாக்கு துடித்தது. நானும் இந்த ஊர்க்காரிதானே. சமினெம்தான் சொன்னாள்.

“முடிச்சுட்டாங்க. ரெண்டு காலும். ரெண்டு தடவை.”

துகிரான் கண்ணைத் திறந்தார். என் கையிலிருந்த இழையைப் பார்த்தார். சுற்றி நிற்கிறவர்களின் முகத்தைப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் வேறு எங்கோ திரும்பிக்கொண்டது. வலது காலை மடியில் தூக்கி வைத்து, கட்டைவிரலால் உள்ளங்காலை அழுத்தினார். பிறகு நகத்தால் அழுத்தினார். நகம் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை வாரமாக இந்த மனிதரிடம் இந்த ஒரு உண்மையைப் பிடுங்கத்தான் நான் உயிரை விட்டேன். கிடைத்த பிறகு, ‘தெரியுதுங்க’ என்று ஒரே ஒரு தடவை சொல்லமாட்டாரா என்றிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுகைமேல் எரிச்சலும் வந்தது.

“ஜுமிங்கான்” என்று கூப்பிட்டார் துகிரான்.

“என்னடா?”

“நாளைக்கு உன் மரத்துக்கு வேற ஆளைப் பாத்துக்க.” காலை மடியிலிருந்து இறக்கி வைத்தார். “என்னால முடியாது. என் மரத்துக்கும் இனிமே ஆள்தான் பாக்கணும்.”

சமினெம் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் அழுதாளா, நிம்மதியிலா, அடுப்புக்கு இனி என்ன வழி என்ற கவலையிலா, எனக்குத் தெரியாது. மூன்றும் இருந்திருக்கும். போன முகாமில் “என் கால் இரும்பு மந்திரிம்மா” என்று தட்டிக் காட்டிவிட்டுப் போன ஜுமிங்கான் மெல்ல முன்னால் வந்தார். துகிரான் எழுந்ததும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார்.

“எனக்கும் கேக்காம பாருங்கம்மா” என்றார்.

நான் அவர் முன்னால் மண்டியிட்டேன். துகிரான் பின்னால் போய் நின்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணை மூடிக்கடா. தெரிஞ்சா மட்டும் சொல்லு. தெரியலேன்னா தெரியலேன்னுடு, பயப்படாதே. மந்திரிம்மா கோவிச்சுக்க மாட்டாங்க.”